மலையகத்துல இருந்துகிட்டே ஓப்பன் சோர்ஸ் ப்ரொஜெக்டுக்கு கிளவுட் கிரெடிட் கேக்குறது எப்பிடி

அமேசன், மைக்ரோசொஃப்ட் மாதிரி பெரிய கம்பெனிங்க ஓப்பன் சோர்ஸ் ப்ரொஜெக்டுகளுக்கு காசு வாங்காம கிளவுட் கிரெடிட் குடுக்குறாங்க. ஹட்டன், கொட்டகலை, பண்டாரவளைப் பக்கம் கோட் எழுதுற நெறைய புள்ளைங்களுக்கு இது தெரியாது, தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு பேரும் அதெல்லாம் கொழும்புல பெரிய கெம்பஸ்ல இருக்கவங்களுக்குத்தான்னு நெனச்சுகிட்டு ஃபோமையே தொறந்து பாக்குறதில்ல. ஃபோம்ல நாடு கேப்பாங்க, சரி, ஆனா அவங்க உக்காந்து பாக்குறது உங்க கோட் இருக்கிற ரெப்பொசிட்டரியத்தான், நீங்க லயத்துல இருந்து கொமிட் போட்டீங்களா பங்களாவுல இருந்து போட்டீங்களான்னு கிட்ல எங்கயும் எழுதியிருக்காது.

ஆனா ஒண்ணு, கிரெடிட் கிடைக்குதுன்னு கேள்விப்பட்ட உடனே ஓடிப்போய் கேக்காதீங்க. மொதல்ல எவ்வளவு வேணும்னு கணக்குப் போடுங்க, அதுல இலவசமா முடிக்கக்கூடியத கழிச்சு விடுங்க, மிச்சம் இருக்கிறத மட்டும் கேளுங்க, அதையும் கிரெடிட் முடியுற அன்னைக்கு என்ன செய்யப்போறோம்னு யோசிச்சு வச்சுட்டுக் கேளுங்க. இந்த வரிசையில போனா ஃபோம் நெரப்புறது ஒரு மணித்தியால வேலை.

கிரெடிட்னா என்ன

காசு இல்ல. கோப்பரேட்டிவ் கடைக் கூப்பன் மாதிரின்னு வச்சுக்கோங்க, அந்தக் கடையில மட்டும், அந்தத் தேதிக்குள்ள மட்டும். உங்க எக்கவுண்ட்ல மாசக் கடைசியில பில் வரும்போது அதுல இருந்து கழிப்பாங்க, அவ்வளவுதான். கையில எடுக்க முடியாது, கோட் எழுதுற கூட்டாளிக்கு சம்பளமா குடுக்க முடியாது, இன்னொரு கம்பெனியில செலவழிக்க முடியாது. அந்தக் கம்பெனியோட எல்லா சாமானுக்கும் கூட செல்லாது, உதாரணமா அமேசன்ல டொமைன் பேர் வாங்கினா அந்தக் காச ப்ரொமோஷனல் கிரெடிட்ல கழிக்க மாட்டாங்க, உங்க கார்ட்ல இருந்துதான் போகும். மார்க்கெட்பிளேஸ்ல வேற ஆக்கள் விக்கிற சொஃப்ட்வெயரையும் கவனமாப் பாருங்க. வழக்கமா ஒரு வருசத்துல காலாவதி ஆயிரும், பாதிதான் செலவழிச்சேன் மிச்சத்த அடுத்த வருசத்துக்கு தள்ளுங்கன்னா நடக்காது.

முக்கியமான விஷயம், கிரெடிட் தீந்தா சேர்வர் தானா நிக்காது. பெரும்பாலும் ஓடிகிட்டேதான் இருக்கும், பில் கார்டுக்குப் போகும். இத திரும்ப ஒருக்கா வாசிங்க.

கணக்கு

சும்மா பேசினா வெளங்காது, ஒரு ப்ரொஜெக்ட கற்பனையா எடுத்துக்குவோம். தோட்டத்து ஆபீஸ்ல மழைமானி வச்சு தெனம் எவ்வளவு மழைன்னு ரெஜிஸ்டர்ல எழுதி வைப்பாங்க, பழைய புத்தகமெல்லாம் கெடக்கும். பதுளைப் பக்கம் நாலு பேர் சேந்து அந்தப் பக்கங்கள ஃபோன்ல படம் எடுத்து, கையெழுத்து நம்பர வாசிக்கவச்சு, எந்த மலையில எந்த மாசம் எவ்வளவு பெஞ்சிருக்குன்னு யாரும் டவுன்லோட் பண்ற மாதிரி போடுறாங்கன்னு வைங்க. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவ மறந்தவங்க யாரும் இல்ல, 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலுக்கு மலை எப்பிடி எறங்கிச்சுன்னும் பாத்தோம், அதனால இப்பிடி ஒரு டேட்டாவுக்கு என்ன பெறுமதின்னு எங்க ஊருல யாருக்கும் சொல்லத் தேவையில்ல.

இப்ப இதுக்கு அமேசன்ல வெர்ஜினியா ரீஜியன் (ரீஜியன்னா சேர்வருங்க இருக்கிற எடம்) வெலையில மாசம் என்ன ஆகும். ரெண்டு ஜிபி ரேம் உள்ள சின்ன ஆர்ம் சேர்வர், டி4ஜி ஸ்மோல்னு சொல்றது, மணித்தியாலத்துக்கு 0.0168 டொலர், மாசம் 730 மணித்தியாலம்னா 12.26 டொலர். அதுக்கு 30 ஜிபி டிஸ்க், ஜிபிக்கு 0.08 படி 2.40. படங்கள் 200 ஜிபி எஸ்3ங்கிற ஃபைல் ஸ்டோரேஜ்ல வச்சா ஜிபிக்கு 0.023 படி 4.60. பப்ளிக் ஐபி எட்ரஸ் ஒண்ணுக்கு 2024 பெப்ரவரியில இருந்து மணித்தியாலத்துக்கு 0.005 டொலர் எடுக்குறாங்க, அது 3.65. கடைசியா ஆக்கள் டவுன்லோட் பண்றது, மாசம் 500 ஜிபி போகுதுன்னா மொதல் 100 ஜிபி இலவசம், மிச்சம் 400க்கு 0.09 படி 36 டொலர். கூட்டிப் பாருங்க, 58.91.

டொலர் 300 ரூபான்னு வச்சா மாசம் 17,600க்கு மேல. 2024ல தோட்டத் தொழிலாளிக்கு கூட்டின அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபா, அந்தக் கணக்குல மலையில பதிமூணு நாளுக்கு மேல வேலை செஞ்சு பேர் விழுந்தாத்தான் ஒரு மாச சேர்வர் பில். வீட்டுக் காசுல இத ஓட்டலாம்னு யாரும் நெனைக்கவே வேணாம், நெனச்சாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன்.

ஆனா அந்த 58.91ல எது பெருசுன்னு பாத்தீங்களா, சேர்வர் இல்ல, டவுன்லோட். பாதிக்கு மேல அதுதான். சின்னப் ப்ரொஜெக்ட்ல மட்டும் இல்ல, நெறைய சேர்வர்ல சொஃப்ட்வெயர ஓட்டி நிர்வகிக்கிற குபர்நெட்டிஸ் எவ்வளவு பெரிய ப்ரொஜெக்ட், 2018ல கூகிள் அதுக்கு மூணு வருசத்துக்கு 90 லட்சம் டொலர் கிரெடிட் குடுத்தாங்க, கடைசியில அதுலயும் பெரிய பங்கு இமேஜ் (படம் இல்ல, சொஃப்ட்வெயர் பொதி) டவுன்லோடுக்கே போச்சு, அதுலயும் அமேசன் சேர்வருங்கள்ல இருந்து வந்து டவுன்லோட் பண்றவங்களுக்கு கூகிள் கிரெடிட் கரைஞ்சிச்சு. பிறகு 2022ல அமேசனும் 30 லட்சம் டொலர் கிரெடிட் தர்றதா சொன்னாங்க, அந்த இமேஜுங்கள வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரியையும் புதுசா மாத்தி அமேசன் ஆக்களுக்கு அமேசன்ல இருந்தே போற மாதிரி செஞ்சாங்க. டேட்டா உள்ள போறதுக்கு காசு இல்ல, வெளிய வரத்தான் காசு, பெரிய கிளவுட் கம்பெனிங்க இந்த விஷயத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இலவசமா இருக்கிறத மொதல்ல கழிங்க

கிட்ஹப் ரிலீஸ்ல ஒரு ஃபைல் ரெண்டு ஜிபிக்கு கீழ இருந்தா போதும், மொத்த சைஸுக்கும் பேண்ட்வித்துக்கும் லிமிட் இல்லன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அப்ப நம்ம மழை டேட்டாவ வருசம் வருசமா ஸிப் பண்ணி அங்க போட்டா அந்த 36 டொலர் அப்பிடியே போயிரும், மிச்சம் 22.91தான். டேட்டாவுக்குன்னே ஸெனோடோ இருக்கு, சுவிஸ்ல சேர்ன் ஆராய்ச்சி நிலையம் நடத்துறது, ஒரு ரெக்கோடுக்கு 50 ஜிபி வரைக்கும் போடலாம், டிஓஐங்கிற மாறாத அடையாள நம்பரும் தருவாங்க, யாராச்சும் ஆராய்ச்சிக் கட்டுரையில உங்க டேட்டாவ எடுத்தா பேர் சொல்லி எழுத லேசு.

டெஸ்ட் ஓட்டுறதுக்கு கிட்ஹப் எக்ஷன்ஸ் பப்ளிக் ரெப்போவுக்கு காசில்ல, ஒரு ஜொப் ஆறு மணித்தியாலம் வரைக்கும் ஓடும். ஒரு விஷயம், நேரம் குறிச்சு ஓடுற வேலை ஏதாச்சும் போட்டிருந்தா ரெப்போவுல 60 நாள் அசைவு இல்லாட்டி அவங்களே நிப்பாட்டிருவாங்க, டேட்டா வரல்லன்னு பிறகு தேடாதீங்க. வெப்சைட்டுக்கு கிட்ஹப் பேஜஸ். கையெழுத்து வாசிக்கிற மொடல பழக்க ஜிபியூ (வேகமா கணக்குப் போடுற சிப்) வேணும்னா ககிள்ல வாரம் 30 மணித்தியாலம் அளவுக்கு இலவசமா கிடைக்கும், சின்ன மொடலுக்கு அது தாராளம்.

இவ்வளவும் கழிச்ச பிறகு நெறைய ப்ரொஜெக்டுக்கு கிரெடிட்டே தேவைப்படாது. உண்மையச் சொன்னா அதுதான் நல்லது, யாருக்கும் ரிப்போர்ட் எழுதத் தேவையில்ல, யாரோட கார்டுக்கும் ஆபத்தில்ல. கேக்க வேண்டியது எப்பன்னா, 24 மணித்தியாலமும் ஓட வேண்டிய சேர்வர் ஒண்ணு இருந்தா, இல்ல பெரிய ஜிபியூல நூறு மணித்தியாலம் ஓட்ட வேணும்னா, இல்ல உங்க சொஃப்ட்வெயரே கிளவுட்ல ஓடுறதுக்குன்னு எழுதினதா இருந்து அத அந்தந்த கிளவுட்ல டெஸ்ட் பண்ணியே ஆகணும்னா. இந்தக் கடைசி ரகத்துக்குத்தான் கம்பெனிங்க ஆசையா குடுப்பாங்க, அவங்க கஸ்டமர்தான அத பாவிக்கப் போறது.

ரெப்போவ ஒழுங்குபடுத்துங்க

லைசன்ஸ் ஃபைல் இல்லாத கோட் பப்ளிக்கா இருந்தாலும் ஓப்பன் சோர்ஸ் இல்ல. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ், சுருக்கமா ஓஎஸ்ஐ, அங்கீகரிச்ச லைசன்ஸ் ஒண்ணு வேணும், எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல், ஏஜிபிஎல் எல்லாம் சரி. வியாபாரத்துக்கு பாவிக்கக் கூடாதுன்னு நீங்களா ஒரு வரி சேத்தா அது ஓஎஸ்ஐ கணக்குல வராது. கிரியேட்டிவ் கொமன்ஸ் டேட்டாவுக்கும் படத்துக்கும் நல்லது, கோடுக்குப் போடாதீங்க, அதனால நம்ம மழைப் ப்ரொஜெக்டுக்கு ரெண்டு லைசன்ஸ் வரும், கோடுக்கு ஒண்ணு டேட்டாவுக்கு ஒண்ணு, ரீட்மியில தெளிவா பிரிச்சு எழுதிருங்க. தோட்டத்து ரெஜிஸ்டர் உங்களோடது இல்லங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும், தொரைகிட்டயோ கம்பெனிகிட்டயோ எழுத்துல சம்மதம் வாங்கிட்டுத்தான் டேட்டாவுக்கு லைசன்ஸ் போட முடியும்.

ரீட்மி இங்கிலீஷ்ல ஒண்ணு கட்டாயம், ஃபோம வாசிக்கிறவருக்கு தமிழ் தெரியாது, அதுக்குக் கீழ தமிழ்லயும் சிங்களத்துலயும் வைங்க. எப்பிடி ஓட்டுறது, எப்பிடி உதவி செய்றதுன்னு ஒரு கொன்ட்ரிபியூட்டிங் ஃபைல், நடத்தை விதி ஒண்ணு, வெர்ஷன் நம்பர் போட்ட ரிலீஸ் ரெண்டு மூணு. கொமிட் வரலாறு ஒரு நாள்ல கொட்டினதா இல்லாம மாசக்கணக்கா இருக்கணும். ஒருத்தர் மட்டும் எழுதுற ப்ரொஜெக்டுக்கு குடுக்க மாட்டாங்கன்னு இல்ல, ஆனா இன்னொரு ஆள் பேரு இருந்தா நம்பிக்கை கூடும், உங்களுக்கும் நல்லது, ஏன்னா ஏ/எல் சோதனை வந்தா இல்ல கொழும்புக்கு வேலைக்குப் போனா யாரு சேர்வர பாக்குறது.

யார்கிட்ட கேக்கலாம்

அமேசன் வெப் சேர்விசஸ்ல ஓப்பன் சோர்ஸ் ப்ரொஜெக்டுக்குன்னே ப்ரொமோஷனல் கிரெடிட் ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கு, டெஸ்ட், பில்ட், ஃபைல் ஸ்டோரேஜ் இதுக்கெல்லாம் பாவிக்கலாம். மைக்ரோசொஃப்ட்ல அஷூர் கிரெடிட் இருக்கு, அதுவும் ஓப்பன் சோர்ஸுக்குன்னே தனி. டிஜிட்டல் ஓஷன்லயும் ப்ரொஜெக்டுகளுக்கு கிரெடிட் குடுப்பாங்க, ஒக்டோபர் மாசம் ஹெக்டோபர்ஃபெஸ்ட் நடத்துறவங்கதான். சின்னப் ப்ரொஜெக்டுக்கு டிஜிட்டல் ஓஷன் லேசுன்னு நெனைக்கிறேன், வெலப் பட்டியல் ஒரு பக்கத்துல முடிஞ்சிரும், அமேசன்ல பில்ல வாசிக்கவே தனிப் படிப்பு வேணும்.

கிரெடிட் இல்லாம சேவையாவே குடுக்குறவங்களும் இருக்காங்க. கிட்லேப் ஓப்பன் சோர்ஸ் ப்ரோக்ராம்ல அல்டிமேட் ப்ளேனும் மாசம் 50,000 கொம்பியூட் நிமிசமும் தருவாங்க, வருசா வருசம் புதுப்பிக்கணும். டொக்கர் ஹப்புக்கு ஸ்பொன்சர்ட் ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல சேந்தா உங்க இமேஜ டவுன்லோட் பண்றவங்களுக்கு லிமிட் வராது. டவுன்லோட் பெருசா இருந்தா ஃபாஸ்ட்லியும் கிளவுட்ஃபிளேரும் ஓப்பன் சோர்ஸுக்கு உதவுறாங்க, பைத்தன் பேக்கேஜெல்லாம் நமக்கு வர்றது ஃபாஸ்ட்லி வழியாத்தான்.

ஸ்டார்ட்அப் ப்ரோக்ராம்ல பெரிய தொகை தெரியும், அமேசன் எக்டிவேட் மாதிரி. அது கம்பெனி நடத்துறவங்களுக்கு. கம்பெனி இல்லாம கம்பெனின்னு எழுதி வாங்காதீங்க, எக்கவுண்ட மூடினா டேட்டாவும் சேந்து போகும். இதோட குழப்பிக்கக் கூடாதது இன்னொண்ணு, 2025 ஜூலை நடுவுல இருந்து அமேசன்ல புது எக்கவுண்ட் தொறக்கிற எல்லாருக்குமே 200 டொலர் வரைக்கும் கிரெடிட் தர்றாங்க, ஃப்ரீ ப்ளேன் ஆறு மாசம். அது க்ரான்ட் இல்ல, ஆனா கேக்குறதுக்கு முன்னால எல்லாத்தையும் ஒருக்கா ஓட்டி உண்மையான செலவு எவ்வளவுன்னு பாக்க அருமையான வழி.

ஃபோம்ல என்ன எழுதுறது

எல்லா ஃபோமும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தத்தான் கேக்கும், ப்ரொஜெக்ட் என்ன, யாரு பாவிக்கிறாங்க, லைசன்ஸ் என்ன, எவ்வளவு வேணும், எதுக்கு. இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் பரவாயில்ல, சின்னச் சின்ன வசனமா எழுதுங்க. நாங்கள் ஏழை மக்கள் உதவி செய்யுங்கள்ங்கிற பாணி மட்டும் வேணாம், அது தர்மம் கேக்குற கடிதம், இது பொறியியல் வேலைக்கு சாமான் கேக்குற கடிதம். வாசிக்கிறவர் அமேசன்லயோ மைக்ரோசொஃப்ட்லயோ வேலை செய்ற ஒருத்தர், கணக்கு சரியா இருக்கான்னுதான் அவருக்கு அக்கறை.

நம்ம மழை ப்ரொஜெக்டுக்கு நான் எழுதினா விஷயம் இப்பிடிப் போகும்: இலங்கையோட மத்திய மலைநாட்டுல தேயிலைத் தோட்டங்கள்ல கையால எழுதின மழை ரெஜிஸ்டர்கள வாசிச்சு திறந்த டேட்டாவா மாத்துற சொஃப்ட்வெயர் இது, அப்பாச்சி 2.0 லைசன்ஸ். இந்தப் பிரதேசம் மண்சரிவு ஆபத்து உள்ளது, பழைய மழைக் கணக்கு கணினியில இல்ல. டவுன்லோடும் டெஸ்டும் வெப்சைட்டும் நாங்க ஏற்கெனவே இலவச சேவைகள்ல ஓட்டுறோம். கிரெடிட் கேக்குறது ரெண்டே விஷயத்துக்கு, படங்கள வாங்கி வரிசைப்படுத்துற சேர்வர், ஸ்டோரேஜ், ஐபி சேத்து மாசம் 22.91 டொலர் படி 12 மாசத்துக்கு 274.92, அதோட மொடல பழக்க ஜி4டிஎன் எக்ஸ்லார்ஜ் மெஷின் மணித்தியாலத்துக்கு 0.526 படி 100 மணித்தியாலம் 52.60. மொத்தம் 327.52, ஏத்த எறக்கத்துக்கு சேத்து 400 டொலர். கிரெடிட் முடிஞ்சா படங்கள் ஸெனோடோவுக்குப் போகும், சேர்வர நிப்பாட்டினாலும் டேட்டா பப்ளிக்காவே இருக்கும்.

இவ்வளவுதான், அர பக்கம் கூட வராது. எழுதினதுல கடைசி வரிதான் கனமானது. உங்க காசு முடிஞ்சாலும் நாங்க நிப்போம்னு சொல்ற ஆளுக்கு குடுக்க அவங்களுக்கும் தைரியம் வரும். 400க்குப் பதிலா 10,000னு கேட்டா கூடக் கிடைக்குமேன்னு தோணும், கேக்காதீங்க, கணக்கு இல்லாத பெரிய நம்பர் கேட்டா மத்த வரிகளையும் சந்தேகமாத்தான் பாப்பாங்க.

யாரு பாவிக்கிறாங்கங்கிற கேள்விக்கு பொய் சொல்ல வேணாம், பத்து பேர்னா பத்து பேர்னு எழுதுங்க, அந்தப் பத்து பேர் யாருன்னு சொல்லுங்க. சின்னதா ஆரம்பிச்சதுக்கு நம்ம நாட்டுலயே சாட்சி இருக்கு, 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இங்க இருந்த வொலன்டியர்கள் அவசரமா எழுதின சஹானா, காணாமப் போனவங்க, முகாம், நிவாரணம்னு கணக்கு வைக்கிற சொஃப்ட்வெயர், அடுத்த வருசமே பாகிஸ்தான் பூகம்பத்துக்குப் போச்சு, 2010ல ஹெயிட்டிக்கும் போச்சு.

எக்கவுண்ட், கார்ட், பூட்டு

ப்ரொஜெக்டுக்குன்னு தனி மெயில், தனி எக்கவுண்ட். உங்க சொந்த எக்கவுண்ட்ல கிரெடிட் வாங்கினா நீங்க வெலகுற அன்னைக்கு ப்ரொஜெக்டும் உங்களோட வெளிய போகும். எக்கவுண்ட் தொறக்க கார்ட் வேணும், நம்ம பேங்க் டெபிட் கார்டுங்கள்ல வெளிநாட்டு ஒன்லைன் பேமெண்ட் மூடித்தான் இருக்கும், டவுனுக்குப் போய் எழுதிக் குடுத்தோ ஆப்லயோ தொறந்து விடச் சொல்லணும். செக் பண்ண ஒரு டொலர் அளவுக்கு எடுத்துட்டு திருப்பி விடுவாங்க, பயப்பட வேணாம். அந்தக் கார்ட்ல சம்பளக் காசு இருக்கக் கூடாது, சின்னத் தொகை வச்ச தனி எக்கவுண்ட் கார்ட்தான் நல்லது, அம்மாவோட ஈபிஎஃப் காசு விழுற எக்கவுண்ட் கார்ட குடுத்தீங்கன்னா நான் பொறுப்பில்ல. ஆனா ஒண்ணு, கார்ட்ல காசு இல்லன்னா பில் மறைஞ்சிரும்னு இல்ல, கடனா நிக்கும்.

தொறந்த உடனே செய்றது, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் எக்கவுண்டுக்கு ரெண்டு கட்ட லொகின், தெனம் வேலைக்கு அதிகாரம் குறைஞ்ச வேற யூசர், அடுத்தது பட்ஜெட் அலர்ட். 5 டொலருக்கு ஒண்ணு, 20க்கு ஒண்ணு, 30க்கு ஒண்ணு, ரெண்டு மூணு பேர் மெயிலுக்கு. அலர்ட் செலவ நிப்பாட்டாது, சொல்ல மட்டும்தான் செய்யும், அதுவும் பல மணித்தியாலம் பிந்தி வரும். கிரெடிட் கழிச்ச பிறகு வர்ற தொகைக்கு அலர்ட் வச்சா கிரெடிட் தீர்ற வரைக்கும் பூச்சியம்னே காட்டும், அதனால கிரெடிட்ட கணக்குல எடுக்காம மொத்தச் செலவுக்கு வைங்க, செட்டிங்ல அதுக்கு டிக் ஒண்ணு இருக்கு.

எக்கவுண்டுக்குள்ள போற சீக்ரெட் கீய கோட்ல எழுதி கிட்ஹப்ல தள்ளுறதுதான் எல்லாத்தவிட மோசம். பப்ளிக் ரெப்போவுல கீய தேடுறதுக்குன்னே ப்ரோக்ராம் ஓட்டுறவங்க இருக்காங்க, கொஞ்ச நேரத்துல பெரிய மெஷினுங்கள தொறந்து கிரிப்டோ தோண்ட ஆரம்பிச்சிருவாங்க, ஒரு வருசக் கிரெடிட் ஒரு ராத்திரியில போகும், மிச்சம் கார்டுக்கு. 2024ல இருந்து கிட்ஹப் பப்ளிக் ரெப்போவுல தெரிஞ்ச வகை கீய தள்ளவிடாம தடுக்குது, இருந்தாலும் எல்லாத்தையும் புடிக்காது.

நேட் கேட்வேன்னு ஒண்ணு இருக்கு, பப்ளிக் ஐபி இல்லாத சேர்வர் நெட்டுக்குப் போற வாசல், நெட்ல பாக்குற பாதி டியூட்டோரியல்ல அத போடச் சொல்லுவாங்க, மணித்தியாலத்துக்கு 0.045 படி சும்மா இருந்தாலே மாசம் 32 டொலருக்கு மேல. நம்ம முழு சேர்வர் செலவ விட அது கூட. போடாதீங்க. ஜிபியூ மெஷின் கேட்டா புது எக்கவுண்டுக்கு கோட்டா பூச்சியமாத்தான் இருக்கும், கூட்டித் தரச் சொல்லி ரிக்குவெஸ்ட் போட்டு காத்திருக்கணும், அதனால பழக்கப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாலயே கேளுங்க. அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகிள்னு பெரிய மூணு கம்பெனிக்கும் இலங்கையில ரீஜியன் இல்ல, பக்கத்துல இருக்கிறது அமேசன்னா மும்பை, ஹைதராபாத், அஷூர்னா சென்னை, பிறகு சிங்கப்பூர். ஆக்கள் நேரா பாவிக்கிற சேர்வர்னா பக்கத்துல வைங்க, ஜிபியூ வேலைக்கு எங்க வெல குறைவோ அங்க ஓட்டுங்க, மலையில இருந்து பாக்கும்போது வெர்ஜினியாவும் மும்பையும் ரெண்டும் ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம்தான்.

மழைக்கு சிக்னல் போச்சுன்னா

மிஸ்ட் எறங்கினா டேட்டா இழுக்காது, காத்தடிச்சா கரண்ட் போகும், இது கிளவுட் வழிகாட்டி எழுதுற கலிஃபோர்னியாக்காரருக்குத் தெரியாது. சேர்வர்ல லொகின் பண்ணின உடனே டிமக்ஸ் ஓட்டிட்டு அதுக்குள்ள வேலை செய்ங்க, லைன் அறுந்தாலும் வேலை அங்க ஓடிகிட்டு இருக்கும், கரண்ட் வந்த பிறகு போய் தொட்டுக்கலாம். சேர்வருக்குள்ள போக வழக்கமா பாவிக்கிற எஸ்எஸ்எச்சுக்குப் பதிலா மோஷ் போட்டா ஃபோன் ஹொட்ஸ்பொட்ல விட்டு விட்டு வர்ற சிக்னலுக்கும் தாங்கும். லெப்டொப் பழசா இருந்தா கிட்ஹப் கோட்ஸ்பேஸஸ் மாசம் 120 கோர் மணித்தியாலம் இலவசம், ப்ரவுசர்லயே எழுதலாம், பெரிய லைப்ரரிங்க டவுன்லோட் ஆகுறது அவங்க நெட்ல, உங்க ரீலோட் காசுல இல்ல. கவனமா இருக்க வேண்டியது ஒண்ணுதான், ஜிபியூ மெஷின தொறந்துட்டு சிக்னல் போயிட்டா மூட ஆள் இல்ல, அதனால வேலை முடிஞ்சா தானா ஷட்டவுன் ஆகுற வரிய ஸ்க்ரிப்ட் கடைசியில எழுதிட்டுத்தான் ஓட்டணும்.

கிரெடிட் நிக்கிற நாள்

நிக்கும். பெரியவங்களுக்கே நின்னிருக்கு. டெஸ்ட் ஓட்டித் தர்ற ட்ரேவிஸ் சிஐ வருசக்கணக்கா ஓப்பன் சோர்ஸுக்கு லிமிட் இல்லாம இலவசமா இருந்திச்சு, 2020 கடைசியில மாத்திட்டாங்க, ஊருப்பட்ட ப்ரொஜெக்ட் ஒரே நேரத்துல கிளம்பி கிட்ஹப் எக்ஷன்ஸுக்கு ஓட வேண்டி வந்திச்சு. நிக்ஸ் ஓஎஸ்ங்கிற லினக்ஸோட பேக்கேஜ் கேஷ் (சொஃப்ட்வெயர் களஞ்சியம்) ஒரு கம்பெனி ஸ்பொன்சர்ல எஸ்3ல ஓடிச்சு, 2023ல அவங்க நிறுத்துறதா சொன்னப்ப மாசம் 9000 யூரோ அளவுல பில், வெளிய எடுத்துட்டுப் போறதுக்கே பெரிய காசு, கடைசியில அமேசன் கிரெடிட் குடுத்துத்தான் மூச்சு விட்டாங்க. லினக்ஸ் டெஸ்க்டொப் ப்ரொஜெக்டுகளுக்கு எடம் குடுக்குற ஃப்ரீடெஸ்க்டொப் ஆக்கள் 2020ல வருசம் 75,000 டொலர் அளவுக்கு கிளவுட் பில் வருதுன்னு கத்தினாங்க, பிறகு இன்னொரு கம்பெனி மெஷின் குடுத்திச்சு, 2025ல அதுவும் முடிஞ்சு வேற எடத்துக்கு சொந்தக் காசுல மாறினாங்க.

அதனால ஆரம்பத்துலயே அந்தக் கம்பெனியில மட்டும் ஓடுற சாமான எடுக்காதீங்க. டேட்டாபேஸுக்கு அமேசனோட டைனமோடிபி வேணாம், போஸ்ட்கிரெஸ் போதும், எங்கயும் தூக்கிட்டுப் போகலாம். சேர்வர எப்பிடி செட் பண்ணினோம்னு கையால க்ளிக் பண்ணி மறக்காம அன்சிபிள்லயோ ஓப்பன் டோஃபுலயோ எழுதி ரெப்போவுலயே வைங்க, அப்ப இன்னொரு கம்பெனியில ஒரு மத்தியானத்துல திரும்ப எழுப்பலாம். பேக்அப் ஒண்ணு கட்டாயம் வேற கம்பெனியில இருக்கணும். சின்னச் செலவுக்கு ஓப்பன் கலெக்டிவ்ல ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் கீழ சேந்தா கணக்கு பப்ளிக்கா இருக்கும், பத்து வீதம் எடுப்பாங்க, டொலர்ல வர்ற நன்கொடைய ஒருத்தரோட சொந்த பேங்க் எக்கவுண்டுக்கு வாங்கி பிறகு வர்ற சண்டைய விட அது எவ்வளவோ மேல்.

புதுப்பிக்கிறதுன்னா முடியுற தேதிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே கேளுங்க. போன வருசம் எவ்வளவு செலவழிச்சோம், எதுக்கு, என்ன வெளியிட்டோம்னு ஒரு பக்கம் எழுதி ரெப்போவுல போட்டு அந்த லிங்க குடுங்க, 400 கேட்டு 310தான் முடிஞ்சிச்சுன்னா அதையும் அப்பிடியே எழுதுங்க. இல்லன்னு பதில் வந்தா இல்ல பதிலே வரல்லன்னா தேதிக்கு ஒரு வாரம் முன்னால படங்கள வெளிய எடுத்துட்டு மூடத் தொடங்குங்க, சேர்வர ஸ்டொப் பண்ணினா பத்தாது, டெர்மினேட் பண்ணணும், பிறகு தனியா நிக்கிற டிஸ்க், ஸ்னாப்ஷொட், சும்மா கெடக்கிற ஐபி, எஸ்3 பக்கெட், எல்லா ரீஜியனையும் ஒவ்வொண்ணா தொறந்து பாத்து அழிங்க, அடுத்த மாச பில் பூச்சியம்னு கண்ணால பாத்த பிறகு எக்கவுண்ட மூடுங்க. மூடின பிறகும் 90 நாள் வரைக்கும் திரும்பத் தொறக்கலாம், அந்தக் காலத்துல பழைய பில் ஏதும் இருந்தா அந்த மெயிலுக்குத்தான் வரும், பாஸ்வேர்ட் ரெண்டு பேர்கிட்டயாச்சும் இருக்கட்டும்.